வெட்பாலைப் பட்டை

பட்டையின் உட்புறத்தில் விட்ட ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம் பரவிய இடமெல்லாம் ரத்தச் சிவப்பானது. இன்னொரு துண்டை எடுத்தாள். அதுவும் சிவந்தது. அடுத்தது சிவக்கவில்லை. வயிற்றுப்போக்கு மருந்துக்கு வந்திருந்த வெட்பாலைப் பட்டையில், அமிலம் பட்டால் சிவக்கும் எட்டிப் பட்டை கலந்திருந்தது. இரண்டும் கசக்கும், காய்ந்து சுருண்டபின் பார்வைக்கு ஒரே ஜாடை. ஒன்று வயிற்றைக் கட்டும், மற்றது ஆளையே முறுக்கிப் போட்டுவிடும். மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேர், பட்டை, விதைகளை இனம்பிரித்துச் சொல்வது அவள் வேலை. அந்த மூட்டைகளை அனுப்பியவன் அவளுடைய தம்பி.

எட்டியை ஒரு தட்டில் ஒதுக்கி வைத்துவிட்டு மேனேஜருக்குப் போன் செய்தாள். சற்று நேரத்தில் தம்பி கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"மொத்தத்தையும் எரிக்கச் சொன்னியாமே."

"எட்டி கலந்திருக்குடா."

"நான் கலந்தேங்கிற."

"யார் கலந்தாங்கன்னு சொல்லல. கலந்திருக்குன்னுதான் சொல்றேன்."

அந்த வித்தியாசம் அவன் காதில் ஏறாது என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவன் சட்டைப்பையைத்தான் தடவுவார்கள். எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும் அடி விழும்.

அவன் கையை வீசி அலமாரியைத் துடைத்தெடுத்தான். கண்ணாடிக் குடுவைகள் தரையில் நொறுங்கி, பொடிகளெல்லாம் ஒன்றாகக் கலந்து புகைந்தன. அவள் தோளைப் பிடித்துச் சுவரில் மோதினான். பிறகு மேசைமேல் இருந்த தட்டிலிருந்து ஒரு கை பட்டையை அள்ளி வாயில் திணித்துக்கொண்டான்.

"விஷம்னா சாவேன்ல? பாத்துக்க."

அது அவள் எட்டியை ஒதுக்கி வைத்திருந்த தட்டு.

"துப்புடா."

அவன் மென்றான். கன்னத்தில் அறைந்தாள். விழுங்கினான். அவன் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி, மறு கையின் விரல்களை வாய்க்குள் நுழைத்தாள். எலும்பு தெரியக் கடித்தான். அவள் கையை எடுக்கவில்லை. வயிற்றில் முழங்காலால் இடித்தாள். இருவரும் கண்ணாடிச் சில்லுகளின்மேல் விழுந்தார்கள். அவன் குத்தியதில் அவள் உதடு கிழிந்தது. விரல் தொண்டையைத் தொட்டபோது பாதிப் பட்டை நாராகவும் எச்சிலாகவும் வெளியே வந்தது. மீதி உள்ளே போயிருந்தது. ஓடிவந்த மேனேஜர் அவளைத்தான் பிடித்து இழுத்தார்.

"என்னை விடுங்க சார். வண்டியை எடுங்க."

வண்டியில் ஏறும்வரை அவன் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தான். பாதி வழியில் திட்டு நின்றது. "அக்கா, கழுத்து புடிச்சிக்கிச்சு" என்றான், சின்னப் பையன் குரலில். அடுத்த நொடி முதுகு வில்லாக வளைந்து, குதிகாலும் பின்தலையும் மட்டும் சீட்டில் பட்டன. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தபோது இன்னும் வளைந்தது.

ஆஸ்பத்திரியில் ஜன்னல்களை மூடி, திரையை இழுத்து, ஊசி போட்டார்கள். "சின்ன சத்தம் கேட்டாலும் திரும்ப இழுக்கும். மருந்து புடிக்கிற வரைக்கும் யாரும் பேசக் கூடாது" என்று டாக்டர் அவளிடம் கிசுகிசுத்துவிட்டுப் போனார். நினைவு அவனுக்குத் துளியும் தப்பவில்லை. அதுதான் கொடுமை. கண்கள் அவளைவிட்டு அகலவில்லை.

"நான் கலக்கல" என்றான், கிட்டிப்போன பற்களுக்கிடையே.

அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லும் சத்தத்தை அவன் உடம்பு தாங்காது. உதட்டின்மேல் விரலை வைத்தாள். அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டானோ, கண் ஓரம் நனைந்தது.

அப்போது வராந்தாவின் கோடியில் செருப்புச் சத்தம் தடதடவென்று கேட்டது. அவன் மனைவி. அழுகையும் கூடவே வந்தது. போர்வைக்குள் அவன் கால்விரல்கள் நீள ஆரம்பித்தன. இவள் வெறுங்காலோடு வெளியே பாய்ந்து, வந்தவளின் வாயைப் பொத்திச் சுவரோடு அழுத்தினாள். என்ன ஏதென்று புரியாமல் வந்தவள் இவள் முகத்திலும் நெஞ்சிலும் மாறி மாறிக் குத்தினாள். ஒவ்வொரு குத்தையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு, பொத்திய கையைத் தளர்த்தாமல், இவள் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். இருட்டில் வெள்ளைப் போர்வையின் கால்மாடு மெல்ல எழும்பி, நின்று, நடுங்கிக்கொண்டிருந்தது.