பாய்லர் ரூமில் பொங்கியது

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடமே அலறியது.

பாய்லர் ஆபரேட்டர் வாயில் பற்பசை நுரையோடும் ஒரு காலில் மட்டும் ஷூவோடும் அடித்தளத்துக்கு ஓடினான். ஐந்து வருடமாக அந்தக் கட்டடத்துக்குச் சூடு கொடுப்பவன் அவன்தான். எந்தச் சத்தம் எதற்கென்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். விட்டு விட்டு அடித்தால் புகை. இழுத்து ஊளையிட்டால் தண்ணீர்க் கசிவு. இது ஊளை.

கசிவு என்றால் பாய்லர் தானாக நின்றுவிடும். வெளியே எலும்பைக் கடிக்கும் குளிர். எண்பத்து நான்கு வீட்டுக்காரர்களும் இன்னும் அரை மணியில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போனைக் கையில் எடுப்பார்கள். தலைமை அலுவலகத்துக்கு இந்நேரம் தகவல் தானாகவே போயிருக்கும்.

வேறு எந்த வாரமாக இருந்தாலும் அவன் இவ்வளவு பதறியிருக்க மாட்டான். புதன்கிழமை கம்பெனியிலிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வர வேண்டும். இவர் எங்களிடம் ஒழுங்காக வேலை செய்கிறார் என்று நாலே வரி. விசாவுக்கு அதைக் காட்டினால்தான் ஊரிலிருந்து மனைவியும் மகளும் விமானம் ஏற முடியும். மகளுக்கு நாலு வயது. அவளை அவன் இதுவரை போன் திரையில்தான் கொஞ்சியிருக்கிறான்.

அலாரத்தை அணைத்துவிட்டுக் குழாய்களைத் தடவிப் பார்த்தான். எதிலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அப்போதுதான் மூக்குக்கு உறைத்தது. எண்ணெய் வாடைக்கும் இரும்பு வாடைக்கும் நடுவே ஒரு புளித்த மணம்.

பெரிய பாய்லருக்குப் பின்னால், வெந்நீர்க் குழாய் சுவரோரமாக வளையும் இடத்தில், துண்டு சுற்றிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்று இருந்தது. இட்லி மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, வழிந்து, தரையில் ஊர்ந்து போய், கசிவைக் கண்டுபிடிக்கும் வட்டக் கருவியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"உன்னாலதானா இவ்வளவும்?" என்றான். மாவு ஒரு குமிழி விட்டது.

யாருடைய வேலை என்று யோசிக்க அவனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. கிளீனிங் அக்கா.

கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் அக்கா வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். இன்னும் நிரந்தரமாகவில்லை. உளுந்துக்காக இரண்டு பஸ் மாறி நகரத்தின் மறுகோடிக்குப் போவார். கிடைத்ததைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு திரும்புவார். அரைத்த மாவைக் கம்பளியில் சுற்றி வைத்தார், ஹீட்டர் பக்கத்தில் வைத்தார், ஒருநாள் தன் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தூங்கினார். மாவு அசைந்து கொடுக்கவில்லை. போன வியாழக்கிழமை இவனிடம் வந்தார்.

"தம்பி, உன் பாய்லர் ரூம்ல ஒரு ராத்திரி வெச்சுக்கட்டுமா? ஓரமா அது பாட்டுக்கு இருக்கும்."

"வேலை போயிடும்க்கா."

"உனக்கும் நாலு இட்லி தரேன்."

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். "நான் பார்த்தா எடுத்து வெளிய வெச்சுடுவேன். பார்க்கலன்னா எனக்குத் தெரியாது."

நாலு இட்லிக்கு ஆசைப்பட்டு அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

அக்கா மாப்பும் வாளியுமாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "என்ன தம்பி, குழாய் போச்சா?" என்றவர் பாத்திரத்தின் பக்கம் குனிந்தார்.

"துடைங்கக்கா, சீக்கிரம். ரொட்டி சார் வர்றதுக்குள்ள."

"தம்பி, இது வந்து..."

படியில் காலடி கேட்டது. ரொட்டி சார் வந்துவிட்டார்.

சூப்பர்வைசருக்கு வேலையாட்கள் வைத்த பெயர் அது. முதல் மாடியில் கம்பெனி கொடுத்த ஒற்றை அறையில் தனியாக இருந்தார். மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போன மனைவி, பேரனை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கி ஒரு வருடம் ஆகிறது. அவருக்குக் காலையில் ரொட்டி, மதியம் ரொட்டி, இரவு மிச்சமிருக்கும் ரொட்டி. "வந்த இடத்துல கிடைக்கிறதைத் தின்னுப் பழகுங்கப்பா. உளுந்துக்கும் கறிவேப்பிலைக்கும் ஊரைச் சுத்துறவன் உருப்பட மாட்டான்" என்று மாதம் ஒருமுறையாவது பாடம் நடத்துவார்.

கோட்டின் பொத்தான்களை ஏறுமாறாகப் போட்டிருந்தார். பாத்திரத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். இது என்ன என்று கேட்கவில்லை.

"நீங்க மேல போங்கம்மா," என்றார் அக்காவிடம். "பத்து நிமிஷத்துல சூடு வந்துடும்னு மாடி மாடியா சொல்லிட்டு வாங்க."

அக்கா வாசலில் நின்று ஆபரேட்டரைப் பார்த்து வேகமாகத் தலையை ஆட்டினார். காட்டிக்கொடுத்துவிடாதே என்கிறார் என்று அவன் எடுத்துக்கொண்டான். கதவு சாத்திக்கொண்டது.

அவன் கருவியைத் துடைத்துக் காயவைத்துப் பாய்லரைத் திரும்பக் கிளப்பினான். சூப்பர்வைசர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை முழங்காலில் விரித்தார். நடந்தது என்ன, காரணம் என்ன, பொறுப்பு யார். முதல் இரண்டையும் நிரப்பிவிட்டார். மூன்றாவதில் பேனா நின்றது.

அக்காவின் பெயர் அதில் ஏறினால் நாளைக்கே வெளியே. இவனுக்கோ ஐந்து வருட சர்வீஸ். கடிதம்தான் போகும். எப்போது மறுபடி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. போன் திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு, 'அப்பா, எத்தன நாளு?' என்று விரல் விட்டு எண்ணும் மகள் கண்முன் வந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"நான்தான் சார்."

"என்னது?"

"மாவு. நான்தான் வெச்சேன். இட்லி தின்னு வருஷக்கணக்காச்சு. ஆசையா இருந்துச்சு."

சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு மாவரைக்கத் தெரியுமா?"

"வீட்ல போன்ல சொல்லிக் கொடுத்தாங்க சார்."

அவர் பார்வையைப் படிவத்துக்குத் திருப்பிக்கொண்டார். "புதன்கிழமைதானே உனக்கு லெட்டர்?"

"ஆமா சார்."

"இதுல உன் பேரை எழுதினா அது வராது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அவர் எழுத ஆரம்பித்தார். முதல் எழுத்திலேயே பேனாவைத் தூக்கிவிட்டார். மாவு வழிந்த பாத்திரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அரைச்சு எடுத்தியே, உப்பு போட்டியா?"

இதற்கெல்லாமா மாட்டிக்கொள்வோம் என்று அவனுக்கு ஒரு நிம்மதி. "போடாம இருப்பேனா சார்? ஒரு கைப்பிடி போட்டேன். கையை விட்டு நல்லாக் கலக்கினேன்."

சூப்பர்வைசர் எழுதிய எழுத்தின் மேல் ஒரு கோடு கிழித்தார்.

"இல்லப்பா, உப்பு போடல. அதான் இந்தப் பொங்கு பொங்கியிருக்கு. ஊர்லேர்ந்து என் வீட்டுக்காரி போன்ல ரெண்டு தடவை சொன்னா, நான்தான் மறந்துட்டேன்."