கறுப்புக்குள் மூன்று துடிப்பு

இந்த உலகில் பொய்யே சொல்லாதவர்கள் இருவர்தான்: ஒருவர், மாரடைப்பு வந்த இதயத்தைப் படம் பிடிக்கும் அந்த இயந்திரம், இன்னொருவர், அதை இயக்குகிற கம்பி. இதை அவனே யாரிடமும் சிரிக்காமல் சொல்வான்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நோயாளியின் நெஞ்சிலும் முதுகிலுமாக நூற்றிருபது கம்பிகளை ஒட்டுவான். திரையில் இதயம் விரியும். உயிருள்ள தசை சிவப்பு, செத்துப்போனது கறுப்பு.

கூட வேலை பார்க்கும் நர்ஸ் அக்காவுக்கு ஒரு பழக்கம். கறுப்பு தெரிந்தால், நோயாளியின் நெஞ்சில் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, "இருக்கியா?" என்று கேட்பாள்.

"கதவைத் தட்டிட்டுக் கேளுங்கக்கா, மரியாதையா இருக்கும்," என்பான் கம்பி.

"சிரி தம்பி, நல்லாச் சிரி. கேட்டாத்தானே தெரியும்."

கை பட்டால் பதிவில் கோடுகள் நடுங்கும். வெறும் இரைச்சல், பதிவுக் கோளாறு என்று அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுத்தான் டாக்டருக்கு அனுப்புவான். எட்டு மாதமாக அதே வெட்டு.

செவ்வாய்க்கிழமை அவனுடைய அப்பாவே வந்து படுத்தார். இதயத்தின் முன்சுவர் முழுக்கக் கறுப்பு.

"செத்த சதைக்கு ரத்தம் விட்டுப் பிரயோஜனமில்லப்பா," என்றார் டாக்டர். "கொஞ்சமாவது உயிர் தெரிஞ்சாத்தான் ஆபரேஷன்." போய்விட்டார்.

அக்கா அன்று லீவு.

அப்பாவின் கம்பிகளைக் கழற்ற மனம் வரவில்லை. கணினியின் குப்பைத்தொட்டியைத் திறந்து, வெட்டி எறிந்த துண்டுகளை ஓட்டிப் பார்த்தான். முதல் ஆள்: அக்காவின் கை, நடுக்கம். கையை எடுத்த பிறகு, கறுப்புக்குள்ளிருந்து மூன்று சின்னத் துடிப்பு. இரண்டாவது ஆளுக்கும் மூன்று. பதினேழாவது ஆளுக்கும் மூன்று, அதே இடைவெளியில். இரைச்சலுக்கு எண்ணத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும்.

ஒரே ஒருவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. படம் எடுத்த மறுநாள் காலையிலேயே போய்ச் சேர்ந்தவர் அவர்.

கம்பி எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்து மூடினான். அப்பாவுக்குப் புதிதாக ஒரு பதிவை ஓடவிட்டான். வியர்த்த உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, அப்பாவின் நெஞ்சில் கம்பிகளுக்கு நடுவே வைத்துக் குனிந்தான்.

"இருக்கீங்களா?"

"இங்கதானேடா படுத்திருக்கேன்," என்றார் அப்பா.

"உங்களக் கேக்கலப்பா. நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

கையை எடுத்தான். திரை கறுப்பாகவே இருந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு, விரலால் அந்த இடத்தில் மெல்ல இரண்டு முறை தட்டிவிட்டு, மறுபடியும் கேட்டான்.