சூடேறும் இருக்கைகள்

சாப்பாட்டு மேசை மேல் காரின் இரண்டு இருக்கைகளும் மல்லாந்து கிடந்தன. பிப்ரவரி முழுக்க க்ளெனிஸும் அவள் புருஷன் ட்ரெவரும் சோபாவில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துத்தான் சாப்பிட்டார்கள். வீடெல்லாம் பசை நாற்றம். வெண்ணெய்க் கத்தியைக் காணோம் என்று தேடினால், அது இருக்கையின் தோலுறைக்கும் பஞ்சுக்கும் நடுவில் செருகியிருந்தது. அந்த இடைவெளியில்தான் ட்ரெவர் சூடேற்றும் மெத்தைத் துணியை விரித்து, ஒயரைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?"

"உனக்காகத்தானே செய்றேன் க்ளென்."

அந்தப் பதில்தான் அவளை அதிகம் எரிச்சலூட்டியது. அது அறுபத்து நாலாம் வருஷத்து இரண்டு பேர் கார். மடக்கி வைத்த துணிக்கூரை உண்டு. ஆனால் அதை விரிப்பதை ட்ரெவர் தோல்வியாக நினைத்தான். எட்டு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை அவன் சாவியை எடுக்கும்போதெல்லாம், "நீ போயிட்டு வா, எனக்குக் குளிருது" என்று சொல்லித் தப்பித்து வந்தாள் அவள். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பக்கத்தில் குளிருது என்றால் யாரும் சாட்சி கேட்பதில்லை.

உண்மைக் காரணம் வேறு. மலைச்சாலையில் இறங்கும்போது ஒருநாள் வளைவில் எதிரே லாரி வந்தது. ட்ரெவர் ஒடித்துத் திருப்பினான். பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. அவன் சிரித்தான். அவள் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்துவிட்டு, முட்டை சாண்ட்விச் மேல் பழியைப் போட்டாள். அவன் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த சமயம் அது. காரைத் துடைக்கும்போது மட்டும்தான் அவன் முகத்தில் வெளிச்சம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து உன் கூட வரப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? குளிரைச் சொன்னாள். அந்தக் குளிரையே ஒரு மனுஷன் எடுத்துப் பழுது பார்ப்பான் என்று யார் நினைத்தார்கள்!

பழைய கார் கிளப்பிலிருந்து ராட்னி வந்தான். மேசையைச் சுற்றி வந்து, துக்க வீட்டுக்கு வந்தவன் போலத் தலையை ஆட்டினான்.

"ஒரிஜினல் தோலைப் போய் வெட்டிட்டியேப்பா. அடுத்து என்ன, டீ போடற மெஷினா?"

ட்ரெவரின் காது சிவந்தது. ஒரே ஒரு பழைய திருகாணிக்காக மான்செஸ்டர் வரை போய் வந்தவன் அவன். "கண்காட்சில மார்க் போனா போகட்டும். பொண்டாட்டி பக்கத்துல உட்காரணும், அவ்வளவுதான்" என்றான்.

அடுப்படியில் நின்ற க்ளெனிஸுக்கு அதைக் கேட்டு நெஞ்சு இளகியிருக்க வேண்டும். ஆனால் 'மாட்டிக்கொண்டேன்' என்றுதான் தோன்றியது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். ஏற்றம் முழுக்க முன்னால் கேரவன் எனும் வீட்டுவண்டி ஒன்று ஊர்ந்து வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் அவள் பிழைத்தாள். முதுகு அடுப்பில் வைத்த மாதிரி, மூக்கு ஐஸ்பெட்டியில் வைத்த மாதிரி.

"எப்படி இருக்கு?" அவன் காற்றுக்கு மேல் கத்தினான்.

"நல்லா இருக்கு!"

"என்ன?"

"நல்லா இருக்குன்னேன்!"

மேலே காட்சி முனையில் நிறுத்தி, பிளாஸ்க்கைத் திறந்து, பன்றி இறைச்சி அடைத்த அப்பத்தை ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள். பனியும் மழையுமாக ஊசி ஊசியாய் விழ ஆரம்பித்தது. அவள் சுவிட்சை அணைக்கப் போனாள். "இருக்கட்டும், உனக்குக் குளிரும்" என்று தடுத்தான். டீ தீர்ந்ததும் சாவியைத் திருப்பினான். 'டொக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. இன்ஜின் ஓடாத நேரத்தில் இருக்கைகள் இரண்டும் பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருந்தன. போனில் சிக்னலும் இல்லை.

"பரவால்ல. இறக்கத்துல உருட்டி விட்டா எடுத்துக்கும். நீ உட்காரு, நான் தள்ளிட்டு ஏறிக்கறேன்."

அதே இறக்கம். அவள் கீழே இறங்கி நின்றாள். "நான் வரல."

"குளிருதா? சீட்டு இன்னும் கொஞ்ச நேரம்…"

"குளிரு குளிருன்னு உயிரை எடுக்காதே ட்ரெவர்! எனக்கு என்னிக்கும் குளிரல. பயம். நீ ஓட்டறது பயம். அந்த லாரி வந்தப்ப நீ சிரிச்சே."

அவன் தொப்பியைக் கழற்றினான். தலையில் பனி விழுந்தது. மறுபடி போட்டுக்கொண்டான்.

"எட்டு வருஷமாவா?"

"ஆமா."

"அப்போ நான் இதை எதுக்குச் செஞ்சேன்? கட்டை விரலைப் பாரு, கிழிஞ்சு போச்சு."

"நான் கேட்டேனா?"

"கேட்டியே! வாரா வாரம் குளிருதுன்னு சொன்னியே!"

இரண்டு பேரும் காரின் இரண்டு பக்கமும் நனைந்துகொண்டு நின்றார்கள். திட்டுவதற்கு இருவரிடமும் இன்னும் நிறைய இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

"அன்னிக்கு நானும் பயந்துட்டேன்" என்றான் ட்ரெவர், காரின் முன்கண்ணாடியைத் துடைத்தபடி. "என்ன பண்றதுன்னு தெரியாம சிரிச்சேன். அதுக்கப்புறம் நான் வேகமா ஓட்டினதே இல்ல. கிளப்புல என்னைப் 'பாதிரியார்'னுதான் கூப்பிடறாங்க. சவ ஊர்வலத்துக்கு முன்னாடி போறவனாம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் வண்டியிலயே ஏறலியே."

அவளுக்கு அழுகை வரவில்லை. அவன் தலையில் பிளாஸ்க்கால் ஒன்று போடலாம் போலிருந்தது.

"நீ நடந்தே இறங்கி வா. கீழே சர்ச்சுகிட்ட காத்திருக்கேன்."

"இந்த ஊசி மழையில நடக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" கதவைத் திறந்து உட்கார்ந்தாள். இருக்கை இப்போது ஈரத்துணி போலச் சில்லென்றிருந்தது. "தள்ளு."

அவன் தள்ளினான். சக்கரம் உருண்டதும் தாவி ஏறினான். ஒரு குலுக்கல், ஒரு இருமல். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவள் கண்ணை இறுக மூடி, கதவைப் பற்றிக்கொண்டாள்.

வெகுநேரமாகியும் வளைவு வரவில்லை. கண்ணைத் திறந்தாள். பக்கத்துக் கற்சுவர் ஒவ்வொரு கல்லாகத் தெரிகிற வேகத்தில் நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"ட்ரெவர்."

"பயமா இருக்கா?"

"பின்னாடி எத்தனை வண்டி நிக்குது பாரு."

"முன்னாடி பாத்துதான் ஓட்டணும்."

"கொஞ்சம் வேகமாத்தான் போயேன்!"

"நீதானே சொன்னே…"

"ஐயோ!"

பின்னாலிருந்து ஒரு டிராக்டர் விலகி, உறுமிக்கொண்டு அவர்களைத் தாண்டியது. அது இழுத்துச் சென்ற வண்டி நிறைய நனைந்த ஆடுகள். அவற்றில் ஒன்று கம்பி மேல் தாடையை வைத்துக்கொண்டு, கூரை விரிக்காத காரில் நனைகிற இரண்டு பேரையும், டிராக்டர் வளைவில் மறையும் வரை, மென்றபடி பார்த்துக்கொண்டே போனது.