பாதி வரைந்த இலைகள்

தென்கோடி மலையூரான கொய்யைக்கேயில் ஏப்ரல்தான் இலையுதிர்காலம்; ஞாயிறுகளில் மழை விடாது. வாடகை வீட்டு முற்றத்து மேப்பிள் மரம் சிவந்து கொட்டியிருந்தது. நானும் என் கணவர் எலிசேயோவும் மகள் ரயேனும் நல்ல இலைகளாகப் பொறுக்கி, தடித்த புத்தகத்துக்குள் அமுக்கி வைத்திருந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து வர்ணம் தீட்டினோம். எலிசேயோ மரலாரி ஓட்டுகிறவர். தூரிகை அவர் விரலுக்குள் தீக்குச்சிபோல ஒளிந்துகொள்ளும்.

"அப்பா, இது என்ன, பூட்ஸா?" என்றாள் ரயேன்.

"மீனுடி. ஆத்துல பாத்ததில்லையா?"

"பாத்திருக்கேன். அதுக்கு லேஸ் இருக்காது."

சாப்பிடக் கூப்பிட்டபோது ரயேன் ஓர் இலையின் இடப்பாதியை மட்டும் நீலத்தில் முடித்திருந்தாள். அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். மறுநாள் மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது வலப்பாதியும் முடிந்திருந்தது. இலை நரம்புகளின்மேல் கடுகு கடுகாக வெள்ளைப் புள்ளிகள். ஒரே ஒரு நரம்பு மட்டும் வெறுமையாக இருந்தது.

"பரவாயில்லையே, உங்களுக்குக் கை வந்துடுச்சே," என்றேன் எலிசேயோவிடம்.

"நானா? நீ போட்டதுன்னு நெனச்சு இப்பத்தான் மனசுக்குள்ள பாராட்டிட்டிருந்தேன்."

ரயேனும் இல்லை என்றாள். அவள் பொய் சொன்னால் காது சிவக்கும். சிவக்கவில்லை.

புதன்கிழமை, பாதி வரைந்த இன்னோர் இலையை மேசையில் வைத்தேன். கதவைப் பூட்டி, மூவருமாகக் கடைக்குப் போய் நாற்பது நிமிடத்தில் திரும்பினோம். புள்ளிகள் ஈரமாக இருந்தன. தூரிகைகளோ காய்ந்து விறைத்துக் கிடந்தன. விரல்நுனியால் வைத்த புள்ளிகள் அவை. ரயேன் தன் சுண்டுவிரலை ஒரு புள்ளிமேல் வைத்துப் பார்த்தாள். விரல் பெரிதாக இருந்தது.

"அவளுக்கு நீலம் பிடிக்கலம்மா. வெள்ளைய மட்டுந்தான் எடுக்கிறா."

"யாருடி?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் பாத்ததில்ல."

எலிசேயோ எல்லா அறைகளிலும் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். பிறகு அடுப்பில் தேவைக்கு மேல் விறகைத் திணித்தார்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கார அம்மாள் ஒத்தீலியா, புகைக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வந்தார். இரண்டு தெரு தள்ளி ரொட்டிக்கடை வைத்திருப்பவர், அறுபதை நெருங்கியவர். ஜன்னலில் நூல் கட்டித் தொங்கவிட்ட இலைகளைப் பார்த்ததும், புகைக்குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றுவிட்டது.

"இத யாரும்மா போட்டது?"

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"என் பொண்ணு மார்லேன் இப்படித்தான் ஒரு நரம்ப விட்டுடுவா. ஏண்டின்னா, எறும்பு நடக்க வழி வேணாமான்னு கேப்பா. ஆறு வயசு. ஆத்தோரம் இலை பொறுக்கப் போனா. கூடை மட்டுந்தான் கெடச்சுது."

இருபத்தெட்டு வருடம் ஆகிறதாம். அப்போது இந்த வீட்டில்தான் இருந்தார்களாம்.

"பாதி போட்ட இலை ஒண்ணு எனக்குத் தருவியா, நெலிதா?"

மூன்று இலைகள் கொடுத்தேன். அவர் அவற்றைக் கோட்டுக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டு மழையில் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாதி இலை பாதியாகவே இருந்தது. எலிசேயோவுக்கு நிம்மதி. ரயேன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மே மாதக் கடைசியில் ரொட்டிக்கடை ஒரு வாரமாகத் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு பாட்டில் ஜாமோடு நண்பகலில் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறைச் சுவர், அலமாரி, நாற்காலி முதுகு எங்கும் இலைகள். எல்லாம் ஒரு பாதி பச்சை வர்ணம், மறுபாதி வெள்ளைப் புள்ளி. ஒத்தீலியா அம்மாள் முகம் தெளிந்து, பத்து வயது குறைந்தவர்போல இருந்தார். மாத்தே தேநீர் ஊற்றிக் கொடுக்கக் கையை நீட்டினார். இடது புறங்கையில் புடைத்திருந்த நரம்புகளின்மேல் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள்; முழங்கைவரை ஏறியிருந்தன.

கிண்ணத்தை வாங்க எனக்குக் கை எழவில்லை.

"பயப்படாத. இலை தீந்துபோச்சு, மரமெல்லாம் மொட்டை. நேத்து இந்த நாற்காலியிலேயே கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா இவ்வளவு தூரம் வந்திருக்கா."

"தோன்யா ஒத்தீலியா, கழுவிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. கொஞ்ச நாள் எங்ககூட இருங்க."

"இருபத்தெட்டு வருஷமா எங்கடி இருக்கே, எங்கடி இருக்கேன்னு கேட்டுட்டே இருந்தேன். இப்ப வந்தவள வேணாம்னு சொல்லச் சொல்றியா?"

ஜாம் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து எலிசேயோவிடம் சொன்னேன். மறுநாள் அவரும் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். ஒத்தீலியா அம்மாள் கதவைத் திறக்காமலே நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

ஜூனில் முதல் பனி விழுந்த காலை, அவர் வீட்டுப் புகைக்குழாயில் புகை இல்லை என்று அடுத்த வீட்டு ஃப்ளோர் வந்து என்னை அழைத்தாள். ஒத்தீலியா அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தார். மருத்துவர் வந்து பார்த்து இதயம் நின்றுவிட்டது என்றார். உடம்பைக் குளிப்பாட்ட நாங்கள் இருவரும்தான் இருந்தோம். இரண்டு கை, கழுத்து, நெற்றிப்பொட்டு, கண்ணிமை எங்கும் புள்ளிகள்.

"என்ன நோய் இது?" ஃப்ளோர் பின்வாங்கினாள்.

"நோயில்ல. பெயிண்ட்."

வெந்நீரில் துணியை நனைத்துத் தொட்டதும் சுலபமாக வந்தது. ஊரார் வந்து பார்ப்பார்களே என்று முகத்தை மட்டும் துடைத்தேன். கைகளைத் துடைக்க மனம் வரவில்லை. நீளக்கை வைத்த கறுப்பு உடையை மாட்டி, மணிக்கட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டேன்.