நாலு விரல் இறங்கும் சீட்

இது நடந்தது தொண்ணூற்று நான்கா, தொண்ணூற்றைந்தா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. பொன்னுராஜ் சொன்னதைக் கேட்டுப் பல வருடம் கழித்து இதை எழுதுகிறேன். அவர் பேசியதைவிடப் பேசாமல் இருந்த நேரம்தான் அதிகம். அந்த இடைவெளிகளை நானாக எதையாவது போட்டு நிரப்பியிருக்கவும் கூடும். சைக்கிள் விஷயம் மட்டும் சரியாக இருக்கும். அதை அவர் மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் ஒரே மாதிரி சொன்னார்.

பொன்னுராஜ் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். குடியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். மனைவி பரிபூரணம் கிராம சுகாதாரச் செவிலியர். ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஓர் ஓடையைத் தாண்டி முப்பது வீடுகள் உண்டு. புதன்கிழமை தோறும் தடுப்பூசிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு அவள் அங்கே போக வேண்டும். சாதாரண சைக்கிள் அந்தக் கல்பாதையில் மாதம் ஒரு டயரைத் தின்றது. அதனால் தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் வைத்த மலைச் சைக்கிளில், பெண்களுக்கென்று நடுக்கம்பி தாழ்ந்து வந்த மாடலாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள்.

சிக்கல் சீட்டில் இருந்தது. பரிபூரணம் குள்ளம். சீட்டைத் தாழ்த்தி வைத்தால் ஏற்றத்தில் மிதிக்கும்போது முழங்கால் மடங்கி மடங்கி வலி எடுத்தது. ஏற்றி வைத்தால் வலி இல்லை, ஆனால் ஓடைக்கு இறங்கும் சரிவில் கால் தரையை எட்டவில்லை. ஒரே மாதத்தில் இரண்டு முறை விழுந்தாள். இரண்டாம் முறை முழங்கை வீங்கியது, பெட்டியிலிருந்த ஐஸ் எல்லாம் ஓடையில் போயிற்று.

"முட்டிக்குப் பாத்தா ஏத்தணும், விழாம இருக்கப் பாத்தா எறக்கணும். நான் என்ன, வாரத்துக்கு ஒருக்கா வளந்து வளந்து சுருங்கவா முடியும்?" என்றாள் பரிபூரணம்.

பொன்னுராஜ் சிரிக்கவில்லை. நகரத்திலேயே ஓர் இடம் காலியாக இருப்பதை விசாரித்து வந்து, இடமாற்ற விண்ணப்பத்தை அவள் முன்னால் வைத்தார். அவள் அதைப் படிக்கக்கூட இல்லை.

"அந்த ஊரு சுடலைமாடத்தி ரெண்டு வருசமா ஊசிக்குப் பயந்து என்னைக் கண்டா தோப்புக்குள்ள ஓடிருவா. போன மாசந்தான் புள்ளயத் தூக்கிட்டு அவளா வந்தா. இப்பப் போய் வேற ஆளு நின்னா மறுபடி ஓடிருவா. அவ மட்டுமா? இன்னும் நாலு பேரு வயித்துப் புள்ளயோட இருக்காளுவ."

"கைய ஒடிச்சிக்கிட்டா யாரு ஊசி போடுவா?"

அவள் விண்ணப்பத்தை மடித்து அலமாரியில் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"இந்த மழைக்காலம் முடியட்டும். அதுக்குள்ள இன்னொரு தடவ விழுந்தா கையெழுத்துப் போட்டுத் தாரேன். போதுமா?"

அன்றிலிருந்து பொன்னுராஜின் மனதில் ஒரு சீட் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தாழ வேண்டும், மறுபடி எழ வேண்டும். மில் ஸ்கிராப்பில் ஒரு ஸ்பிரிங் கிடைத்தது. சீட் பைப்புக்குள் இன்னொரு பைப்பை நுழைத்து, அடியில் ஸ்பிரிங்கை வைத்து, சீட்டுக்குக் கீழே ஒரு சின்ன லீவர் பொருத்தலாம். லீவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாலு விரல் இறங்கும். இழுத்துக்கொண்டு எழுந்தால் ஸ்பிரிங் மேலே தள்ளும். லீவரை விட்டால் அதன் நுனியிலுள்ள முளை உள் பைப்பின் ஒரு துளையில் விழுந்து நிற்கும்.

ரதவீதிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த மைதீன் பிச்சையிடம் பைப்பை அறுக்கக் கொண்டுபோனார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"ஏலே மாப்ள, இது என்ன, சர்க்கஸுக்கா?" என்றார் மைதீன் பிச்சை.

"வீட்ல அவ ஓட்டத்தான்."

"சரிவு வந்தா எறங்க வேண்டியது. ஸ்பேனரப் போட்டு சீட்டத் தட்டி எறக்க வேண்டியது. பொறவு ஏற வேண்டியது. ரெண்டு நிமிசம். அதுக்கு எதுக்குடா ஸ்பிரிங்கு, லீவரு? இன்னும் நாலு சாமான் சேத்தா நாலு சாமான் கெட்டுப்போகும்."

"போறப்ப ரெண்டு சரிவு, வாரப்ப ரெண்டு. பின்னால ஐஸ் பெட்டி. எறங்கும்போதுதான் சைக்கிளு சாயுது மைதீனு."

"அப்ப உருட்டிட்டு நடந்து போகச் சொல்லு. எம்புட்டுத் தூரம்?"

 உருட்டிக்கொண்டு போனால் போய்ச் சேருமுன் வெயிலேறி ஐஸ் கரைந்துவிடும் என்பது பொன்னுராஜுக்குத் தெரியும். மைதீன் பிச்சை முனகிக்கொண்டே பைப்பை அறுத்துக் கொடுத்தார்.

உள் பைப் சற்று ஒல்லியாக இருந்ததால் சீட் பக்கவாட்டில் ஆடியது. ஆட்டத்தை நிறுத்த பொன்னுராஜ் உள் பைப்பில் பேண்டேஜ் துணியை நாலு சுற்றுச் சுற்றி எண்ணெய் விட்டார். பேண்டேஜ் துணி நெய்கிற இராஜபாளையத்தில் வேலை பார்க்கிறவன் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. ஓரம் பிசகிக் கழித்த துண்டுகளைத் தறிக்காரர்கள் கொத்தாகக் கொடுப்பார்கள். பால் வடிகட்டுவதும் அதில்தான், அடுப்பு துடைப்பதும் அதில்தான், ஜன்னல் இடுக்கை அடைப்பதும் அதில்தான். கை தானாக அதை எடுத்தது.

முதல் மூன்று புதன்கிழமைகள் சீட் சொன்னபடி கேட்டது. பரிபூரணம் வந்து ஒன்றும் பாராட்டவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, "ஓடை எறக்கத்துல இப்ப பயமில்ல" என்றாள். அவ்வளவுதான். பொன்னுராஜ் அதை இரண்டு நாள் மனதுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது புதன்கிழமை ஐப்பசி மழை. மூன்று மணிக்கு வரவேண்டியவள் ஐந்தரைக்கு வந்தாள். சேலை முழங்கால்வரை சேறு. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெட்டியை இறக்கி வைத்து, நிலைப்படியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன.

"விழுந்தியா?"

"விழல. போறப்ப எறங்குன சீட்டு, மேல வரவே மாட்டேன்னுட்டு. ஏத்தம் முச்சூடும் தவளை மாதிரி மிதிச்சிட்டு வாரேன்."

பொன்னுராஜ் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், லீவரை இழுத்தார். அசையவில்லை. பைப் ரெஞ்சைப் போட்டுத் திருகி இழுத்தபோது உள் பைப் சளக்கென்று வெளியே வந்தது. சுற்றியிருந்த துணி எண்ணெயைக் குடித்து, மழைத்தண்ணீரைக் குடித்து, ஓடை மணலையும் சேர்த்துக்கொண்டு இரண்டு மடங்காக ஊதியிருந்தது.

பரிபூரணம் எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன துணி?"

அவர் சொன்னார்.

"பேண்டேஜ் காஸ் துணியா? ஏங்க, அத எதுக்குச் செய்யுதாவ? ரத்தத்தையும் சீழையும் உறிஞ்சத்தானே? தெனம் இதையே வச்சுக் கட்டுதேன், எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? பச்சத்தண்ணியக் காட்டுனாலே குடிச்சிரும்."

பொன்னுராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக அந்தத் துணி நெய்கிற ஊரில் வேலை செய்கிறவர். அது எதற்கு ஆனது என்பது அவருக்குத் தெரியாதா? மழை வரும் என்பதும் தெரியாதா? விண்ணப்பம் அலமாரியில் இருந்தது. சுற்றிய கைக்கு மனதின் ஒரு மூலையிலிருந்து வேறொரு ஆசை கட்டளை கொடுத்திருக்குமோ என்று அவர் தன்னைத்தானே கேட்டுப் பார்த்தார். இல்லை என்று சத்தியம் செய்ய அவரால் முடியவில்லை.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"தெரிஞ்சா செஞ்சீய?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

"தெரியல பூரணம்" என்றார். "நெசமாவே தெரியல. நீ டவுனுக்கு வந்துரணும்னு எனக்கு இருந்துச்சு. அது மட்டும் தெரியும்."

அவள் வீங்கிய முழங்காலை உள்ளங்கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த மௌனம்தான் தன் வாழ்க்கையிலேயே நீளமானது என்று பொன்னுராஜ் என்னிடம் சொன்னார். 

"விழுந்தாத்தான் கையெழுத்துன்னு பேச்சு" என்றாள் கடைசியில். "நான் விழல."

"ஆமா."

"பயமில்லாம எறங்குனேனே மூணு வாரம், அது நெசம். நல்ல சாமானத்தான் செஞ்சிருக்கீய, துணியத்தான் தப்பாப் போட்டுட்டீய. அடுத்த புதனுக்குள்ள ஒழுங்காச் செஞ்சு தாங்க. மனசுல ஒண்ண வச்சுக்கிட்டுக் கையால ஒண்ணு செய்யாதீய. டவுனுக்கு வரணும்னா வாயத் தொறந்து சொல்லுங்க, சண்ட போடுவோம்."

மறுநாள் பொன்னுராஜ் ஷிப்ட் முடிந்து மில் கடைசலில், உள் பைப்பைச் சுற்றி மாட்டும் வளையமாக ஒரு நைலான் புஷ் கடைந்தார். தண்ணீர் குடிக்காத பொருள். அதை மாட்டி, தானே சீட்டில் உட்கார்ந்து இருபது தடவை இறக்கி ஏற்றினார். பிறகு குடத்துத் தண்ணீரை அதன்மேல் ஊற்றி மறுபடி இருபது தடவை. செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டு, பெட்டியில் செங்கல் வைத்துக் கட்டி, ஓடை வரைக்கும் அவரே ஓட்டிப் போய்வந்தார். அந்தச் சரிவை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

பரிபூரணம் அந்த வழியில் இன்னும் நான்கு வருடம் போய்வந்தாள். ஒரு தடவை விழுந்தாள், அது நாய் குறுக்கே வந்ததால். அதைக் கணக்கில் எடுக்க முடியாது என்று இருவருமே ஒப்புக்கொண்டார்கள். தொண்ணூற்றொன்பதில் பதவி உயர்வு வந்து வத்திராயிருப்புப் பக்கம் மாறினாள், பஸ்ஸில் போனாள். சுடலைமாடத்தியின் மூன்று பிள்ளைகளுக்கும் ஊசி முழுதும் போடப்பட்டது. மைதீன் பிச்சை அந்த சீட் தேவையில்லாத வேலை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், வேறு யாருக்கும் செய்துகொடுக்கவும் இல்லை. சைக்கிளைத் தோட்டக்காரர் ஒருவர் வாங்கி, லீவரைக் கழற்றிவிட்டு ஓட்டினார். பொன்னுராஜ் மில்லிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடத்தில் இறந்தார். பரிபூரணம் இப்போது மகளோடு மதுரையில் இருக்கிறாள்.