திறந்து பார்த்தவர்கள்

“சார், எங்க அக்கா புக்கிங்கை யார் யார் திறந்து பாத்தாங்கன்னு எனக்கு லிஸ்ட் வேணும்.”

வேலையில் சேர்ந்த முதல் நாளே சித்தி சொல்லியிருந்தாள்: லீவு கேள், சம்பளம் கூட்டிக் கேள், அந்த லிஸ்டை மட்டும் கேட்டுவிடாதே. அவள் எனக்குச் சித்தி அல்ல. எங்கள் விமானக் கம்பெனியின் புக்கிங் பிரிவில் பதினாறு வருடமாக ஹெட்செட் மாட்டுகிறவள் என்பதால் முப்பது பேருக்கும் சித்தி.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். “எதுக்கும்மா இந்த வம்பு?”

“அக்கா புருஷன் அவளுக்கு மெசேஜ் அனுப்பியிருக்காரு. ‘பதினாலு ஏ, ஜன்னல் சீட், பாப்பாவுக்குப் பிடிக்கும்’னு. அவ ஊர் சுத்தப் போகல சார். அடி தாங்காம ஓடறா. எந்த ஃப்ளைட்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.”

அரை மணி நேரத்துக்கு முன் அந்த மெசேஜை எனக்கு அனுப்பிவிட்டு, போனில் அக்கா கேட்டது ஒரே கேள்விதான்: “நீயாடி சொன்னே?” இல்லை என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அப்புறம் பதினோரு தடவை அடித்தும் எடுக்கவில்லை. விமானம் மாலை ஆறு மணிக்கு. இப்போது பன்னிரண்டு.

“வேற ஃப்ளைட்ல போட்டுடலாம். ரெண்டு நிமிஷ வேலை” என்றார் மேனேஜர்.

“அவர் சீட்டை மட்டும் தெரிஞ்சுக்கிட்டாரா, தங்கப் போற வீட்டையுமான்னு தெரிய வேண்டாமா?”

அவர் தயங்கியதன் காரணம் எனக்கும் தெரியும். நடிகைக்குப் பக்கத்து சீட்டில் யார் என்று பார்க்காத ஆளே எங்கள் பிரிவில் கிடையாது. யார் வீட்டுப் பெண்ணுக்காவது வரன் வந்தால், மாப்பிள்ளை எங்கெங்கே பறந்தான், யாரோடு பறந்தான் என்று எடுத்துக் கொடுப்போம். சித்தி மகளுக்கு வந்தவனை நான்தான் பார்த்தேன். மூன்று பயணம், மூன்றிலும் அதே பெண். “புண்ணியம்டி உனக்கு” என்று சித்தி என் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிரிண்டர் ஒரு பக்கத்தைத் துப்பியது. மேனேஜர் அதை என் பக்கம் தள்ளினார். “நீயே படி.”

நேற்று மாலை நாலு பத்து. சீட் எண். போன் எண். போய்ச் சேரும் ஊரில் தங்கும் முகவரி. மூன்றையும் திறந்தது ஒரே ஊழியர் எண். என்னுடையது.

நாலு பத்துக்கு நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். திரும்ப லாகின் செய்ய ஐந்து நிமிடம் பிடிக்கும் என்று டீக்குப் போகும்போது இங்கே யாரும் திரையைப் பூட்டுவதில்லை. வரும் அழைப்பைப் பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துக்கொள்வார். என் பக்கத்து நாற்காலி சித்தியுடையது.

நான் கூப்பிட்டதும் வந்தாள். தாளைப் பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது.

“போன் பண்ணி உங்க மாமான்னு சொன்னாருடி. மச்சினிச்சி டீக்குப் போயிருப்பா, நீங்களே பாத்துச் சொல்லுங்க சித்தின்னாரு. வாய் நிறையச் சித்தின்னு கூப்பிட்டா எப்படிடி இல்லேங்கிறது?”

சித்தி கதைகளை அக்கா வீட்டில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தவள் நான். அக்கா புருஷனும் கூடவே சிரித்திருக்கிறான்.

“அட்ரஸ் எதுக்குக் குடுத்தே?”

“பூ அனுப்பணும்னாரு.”

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “இதைக் கிழிச்சுடலாம். அந்த வீட்டுக்குப் போகாதேன்னு அக்காகிட்ட நேர்ல போய்ச் சொல்லிடு. முடிஞ்சது.”

“போன மாசம் அக்கா போலீஸ்ல சொன்னப்போ, அவர் உன்னைத் தேடறதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டு அனுப்பிட்டாங்க சார். இதுதான் ஆதாரம்.”

“இதுல இருக்கறது உன் நம்பர். முதல்ல உன்னைத்தான் விசாரிப்பாங்க. உங்க அக்காவும் நீதான் காட்டிக் கொடுத்தேன்னு நினைப்பா. வேலை போயிடும். குடும்பத்துலயே முதல்ல படிச்ச பொண்ணு, உங்கப்பா எவ்வளவு கஷ்டப்பட்டு…”

“எங்கப்பாவை இதுல இழுக்காதீங்க.”

கத்திவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதால்தான் கத்தினேன்.

தாளைத் திருப்பிப் போட்டு எழுதினேன். எண் என்னுடையது. திரையைப் பூட்டாமல் போனது நான். திறந்து பார்த்துச் சொன்னது பக்கத்து நாற்காலி. அவள் எண் இது. அதற்குக் கீழே, மாப்பிள்ளைப் பையனின் பயணங்களை நான் பார்த்த தேதியையும் எழுதினேன்.

“என் பொண்ணு விஷயத்தை ஏண்டி இதுல சேக்கறே?”

“அந்தப் பையன்கிட்ட கேட்டுட்டா நாம பாத்தோம் சித்தி?”

“எனக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ் இருக்குடி.” அழ ஆரம்பித்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

“டிக்கெட்டை அக்காவைக் கேக்காம மாத்திடாதீங்க சார். எங்கே போறதுன்னு அவதான் சொல்லணும்.”

மேனேஜர் எழுந்து கதவை மறித்தார். “ஆபீஸ் பேப்பர் வெளியே போகக் கூடாதும்மா.”

“அட்ரஸே வெளியே போயிடுச்சு. பேப்பர் போனா என்ன?”

அவர் மெதுவாக விலகினார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தோழியின் அறையில் இருக்கிறாள், இரண்டு தெரு தள்ளி. கதவைத் திறப்பாளோ மாட்டாளோ. தாளை மடித்துச் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியில் இறங்கினேன்.