பதினோராம் எண் கார் வரும் வழி

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் தட்டிலிருந்து தொடங்கியது. ஆலங்குளத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டு மண்பாதை ஒன்றின் ஓரத்தில் மடக்கு மேசை போட்டிருந்தார்கள். மேசைமேல் நீலத் தட்டு. அதன் பக்கத்தில் ஓர் அட்டை: ‘தீப்பெட்டி, லைட்டரை இங்கே வைத்துவிட்டுச் செல்லவும்.’ கார் ராலிப் பந்தயம் பார்க்க வந்தவர்களுக்கான அறிவிப்பு அது. மாசி மாதம். இருபுறமும் சோளத்தட்டை காய்ந்து நின்றது. பீடி பிடிப்பவர்களை நம்பி அதற்குள் விட முடியாது.

தட்டில் ஒரு தீப்பெட்டிகூட இல்லை. செல்போன்கள் குவிந்து கிடந்தன. அதில் ஒன்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மேசைக்கு ஆள் இல்லை. நானும் எடுக்கவில்லை.

கண்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இட்டுக்கட்டியது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘கார்கள் சீறிப் பாய்ந்தன. எழுந்த புழுதியில் சூரியன் –’

விட்டுவிட்டேன். ராலி பார்க்கப் போகிறவர் காரைப் பார்க்கும் நேரம் மிகக் குறைவு. வழி விசாரிப்பதும், வண்டி பேசுவதும், நிற்க இடம் பிடிப்பதும், வெயிலில் காத்திருப்பதுமாகவே அவர் நாள் போகிறது. கார் என்பது அந்தக் காத்திருப்புக்கு நடுவே கண் சிமிட்டிவிட்டுப் போவது. கதை எழுத வேண்டுமென்றால் காத்திருப்பவரைத்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்: ‘அன்று காலை சிவகாசிப் பக்கம் கேட்ட சத்தத்தில் –’

இதையும் அடித்துவிட்டேன். ஆனால் அடித்த கோடு தெரியட்டும். சாத்தூர், சிவகாசி என்று எழுதியதுமே வாசகர் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராகிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெடித்தால்தான் இந்த ஊர்களுக்குச் செய்தியில் இடம் என்று நாளிதழ்கள் பழக்கி வைத்திருக்கின்றன. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் எதுவும் வெடிக்காது. யாரும் சாக மாட்டார்கள். நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.

பொன்னுத்தங்கத்துக்கு மட்டும் இது தெரியாது.

3

பொன்னுத்தங்கம் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெண்கள் பகுதிக்குச் சூப்பர்வைசர். அவருடைய ஒரே மகள் முத்துச்செல்வி கோயம்புத்தூரில் படித்து, அங்கேயே ஒரு கார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது ராலிக் காரில் போகிறாள். ஓட்டுபவர் வேறொருவர். பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு, அடுத்து எந்தப் பக்க வளைவு, எவ்வளவு ஒடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவது அவள் வேலை.

(முதல் வரைவில் பொன்னுத்தங்கத்துக்கு ஒரு கணவர் இருந்தார். நாலு பக்கம் முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டேன்.)

மகள் காரில் போவதை அம்மா ஒருமுறையும் நேரில் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் போனில் யாராவது அனுப்பும் படங்கள். அவற்றில் எல்லாக் காரும் உருண்டு கிடந்தது. ஒழுங்காகப் போன காரை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை. அதனால் மகளுக்குப் போட்டி இருக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பொன்னுத்தங்கத்தின் மனசுக்குள் ஒரு கார் தலைகீழாகப் புரண்டுகொண்டே இருந்தது.

“யம்மா, இந்தவாட்டி நம்ம பக்கந்தான் நடக்கு. வாரியா?” என்று மகள் போனில் கேட்டாள்.

“வாரேன். எங்கன நின்னா ஒன்னைய நல்லாப் பாக்கலாம்?”

“எங்கன நின்னாலும் ஒரு செகண்டுதான்.”

“ஒரு செகண்டுக்கு வேன் புடிச்சு வரணுமாக்கும்.”

“வராட்டி விடு.”

“வரமாட்டேன்னு எப்பச் சொன்னேன்? ஒன் காரு நேரா நிமிந்து போறத ஒரு தடவ பாத்துட்டேன்னா எனக்குப் போதும். எடத்தச் சொல்லு.”

முத்துச்செல்வி சொன்னாள். காருக்குப் பதினோராம் எண். நிற்க வேண்டிய இடம் கண்மாய்க்கரை வளைவு. அங்கேதான் கார் கொஞ்சம் வேகம் குறையும். முதல் கார் வருவதற்கு வெகு நேரம் முன்பே பாதையை அடைத்துவிடுவார்கள். அதற்குள் மேசைப் பக்கம் இறங்கி, போனில் இருக்கும் அனுமதிச் சீட்டைக் காட்டி, பாதையைக் கடந்து, எதிர்க்கரைமேல் ஏறிக் கயிற்றுக்குப் பின்னால் நின்றுவிட வேண்டும். அடைத்தபின் கடைசிக் கார் போகும்வரை ஒருவரும் குறுக்கே கடக்க முடியாது.

“நடுவுல ஏதாச்சும்னா நானே ஒனக்குப் போன் அடிப்பேன். நீயா எதையும் நெனச்சுக்கிட்டு நிக்காத. போனக் கையிலயே வச்சுக்க.”

“வச்சுக்கிடுதேன்.”

4

மூன்றாவது தொடக்கம் இங்கே வந்திருக்க வேண்டியது. இருக்கட்டும், கதை நகர்ந்துவிட்டது.

பஸ் போகாத இடம். கம்பெனிக்கு ஆள் ஏற்றும் அய்யாதுரையின் வேனையே பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. கூட வேலை செய்யும் பெண்கள் புளியோதரையும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு ஏறினார்கள். அவரவர் தினமும் உட்காரும் இடத்திலேயே அன்றும் போய் உட்கார்ந்தார்கள். வராத ஒருத்தியின் இடம் காலியாகவே வந்தது.

“ஞாயித்துக்கெளமையும் இந்த மூஞ்சிகளத்தான் பாக்கணும்னு எனக்கு எழுதியிருக்கு” என்றார் அய்யாதுரை.

“நீரு ரோட்டப் பாத்து ஓட்டும். எங்க மூஞ்சி ஒமக்குப் பின்னாலதான இருக்கு” என்றார் பாண்டிலட்சுமி. பொன்னுத்தங்கத்துக்குப் பக்கத்து இருக்கைக்காரர். வாய் சும்மா இருக்காது. “யக்கா, ஒம்மக குடுத்து வச்சவ. எங்கன திரும்பணும்னு அவ சொல்லுதா, ஒரு ஆம்பள கேட்டுத் திருப்புறான். எங்க வீட்ல நான் சொன்னா இடத்துக்கு வலத்த ஒடிக்காரு.”

நேரத்துக்கு முன்பே சேர்ந்துவிட்டார்கள். நுழையும் இடத்தில் நின்ற பையன் ஒவ்வொரு போனாக வாங்கி அனுமதிச் சீட்டைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தான். அடுத்து மேசை. மேசைக்காரர் அந்த நேரம் பார்த்து, மோட்டார் சைக்கிளோடு உள்ளே நுழைந்த ஒருவரோடு சண்டை போடப் போயிருந்தார்.

பொன்னுத்தங்கம் தட்டைப் பார்த்தார். போனை அதில் வைத்துவிட்டு நடந்தார். பின்னால் வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக வைத்தார்கள்.* பாண்டிலட்சுமி சோதனைக்கு வாகாக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சற்று நேரம் நின்றுகூடப் பார்த்தார். யாரும் சோதிக்க வராததால் கையை இறக்கிக்கொண்டார்.

(* பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. தினமும் காலையில் வாட்ச்மேன் நீட்டும் தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். வருசக்கணக்கில் இதைச் செய்த கை, தட்டைக் கண்டால் மற்றதைக் கேட்டுக்கொண்டு நிற்காது. அட்டையில் இருந்ததை ஒருவரும் படிக்கவில்லை. அவர்களிடம் தீப்பெட்டி இருந்திருந்தால் ஒருவேளை படித்திருப்பார்கள்.)

5

கண்மாய்க்கரை வளைவுக்குப் பொறுப்பு சாலமன்ராஜ். சாத்தூரில் பள்ளி ஆசிரியர். ஆரஞ்சுச் சட்டை, கழுத்தில் விசில், கையில் வாக்கி டாக்கி. வகுப்பில் பேசுவது போலவே பேசினார்.

“கயித்துக்கு அங்கிட்டு ஒரு விரல்கூட வரக்கூடாது. நான் செட்டுல பேசும்போது என்கிட்ட ஆரும் பேசக்கூடாது. சரியா?”

“சரி சார்” என்று பெண்கள் சேர்ந்தாற்போலச் சொன்னார்கள்.

கார்கள் எண் வரிசைப்படி ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. முதலில் சத்தம், பிறகு காட்டுக்கு மேலே புழுதி, அப்புறம் எங்கிருந்தோ திடுமென்று கார். வளைவில் பின்பக்கம் ஒதுங்கி, சரளையை வாரி இறைத்துவிட்டு மறைந்துவிடும். இரண்டாவது கார் போனபோது பொன்னுத்தங்கம் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாவதில் மூடவில்லை. எட்டாவது கார் ஒதுங்கிய விதத்தைப் பார்த்து, “அம்புட்டுத்தானா?” என்றார். பத்தாவது கார் போனதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றோரம் வந்து நின்றார்.

சத்தம் வந்தது. புழுதி வந்தது. கார் வந்தது. கதவில் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது.

அவர் கை இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

“யக்கா, ஒம்போனு?” என்றார் பாண்டிலட்சுமி.

“தட்டுல.”

“அவ கையிலயே வச்சுக்கச் சொன்னாள்ல. ஏன் தட்டுல வச்ச?”

“நீ ஏன் வச்ச?”

“நீ வச்ச. நான் வச்சேன்.”

மேசை எதிர்ப்பக்கம், கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. நடுவில் பாதை. பொன்னுத்தங்கம் கயிற்றைத் தூக்கிக் குனிந்தார். விசில் ஊதியது.

“அம்மா, பின்னால போங்க.”

“அந்தா இருக்க மேசைக்குத்தான் சார். போயிட்டு இந்தா வந்துருதேன்.”

“இந்தா வந்துருதேன்னு போறவுகளுக்காகத்தான் என்னைய இங்கன நிறுத்தியிருக்காக. கடைசிக் கார் போகட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்.”

ஏன் போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பதினொன்று என்ன ஆனது என்றும் கேட்கவில்லை. கம்பெனி வாசல்களில் அப்படி நின்ற பெண்களை அவர் பார்த்திருக்கிறார். உள்ளே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தபின் யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். கேட்காதவரை ஒன்றும் ஆகவில்லை.

பதின்மூன்று போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. அது வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

6

இந்த இடத்தில் எழுதுகிறவனுக்குப் பல வழி திறக்கிறது.

(அ) வளைவுக்கு முந்தைய பனைமரத்தில் மோதி –

இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. உங்களுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

(ஆ) பொன்னுத்தங்கம் கயிற்றைத் தாண்டி ஓடுகிறார். பதினான்காம் எண் கார் வருகிறது. இது வேண்டாம். அவர் விதிகளுக்கு நடுவே வேலை செய்தே உயிரோடு இருப்பவர். விசிலுக்குக் கட்டுப்படுவார்.

(இ) பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து அவர் கண்ணைப் பொத்துகின்றன. ‘கண்டுபிடி பாப்போம்.’ இப்படி எழுதினால் முத்துச்செல்வியே என்னிடம் சண்டைக்கு வருவாள்.

(ஈ) பாண்டிலட்சுமி இருக்கிறார். அவரை வாய்க்காகத்தான் கதைக்குள் கொண்டுவந்தேன், சிரிப்புக்கு. பொன்னுத்தங்கம் கேட்காததை அவர் கேட்பார் என்பது எழுதும்போதுதான் தெரிந்தது.

7

“சார், பதினொன்னு எங்க?”

“செட்டுல பேசிட்டிருக்கேன்ல.”

“நீரு அப்புறம் பேசும். அந்தக் கார்ல இருக்கது இந்த அக்கா மக.”

சாலமன்ராஜ் திரும்பிப் பார்த்தார். பொன்னுத்தங்கம் இன்னமும் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாலமன்ராஜ் பொத்தானை அமுக்கினார்.

“முந்தின பாயிண்ட், பதினொன்னு என்னாச்சு?”

கரகரவென்று சத்தம். பிறகு ஒரு குரல்: “நின்னுருச்சு சார். கல்லுல அடிச்சு முன்சக்கரம் ஒடிஞ்சிருச்சு. ஆளுக ரெண்டு பேரும் எறங்கி ஓரமா நிக்காக. போர்டு காட்டுறாக.”

“என்ன போர்டு?” என்றார் பாண்டிலட்சுமி.

“நாங்க நல்லாருக்கோம்னு பின்னால வாற காருக்குக் காட்டுற போர்டு. கார்லயே இருக்கும். நின்னுபோனா, எறங்குனதும் அதத்தான் காட்டணும்.”

பெண்கள் மூச்சை விட்டார்கள். பொன்னுத்தங்கம் விடவில்லை. பதினொன்றைப் பற்றி முதல் முறையாக வாயைத் திறந்தார்.

“போர்டு ஆரு கையில இருக்கு?”

“ஏம்மா?”

“ரெண்டு பேருல ஆரு கையில?”

தேவையில்லாமல் செட்டில் பேசக் கூடாது என்று காலையில்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். சாலமன்ராஜ் இன்னொரு தடவை பொத்தானை அமுக்கினார்.

“போர்ட ஆரு புடிச்சிருக்காக?”

“எதுக்கு சார்?”

“பாத்துச் சொல்லுங்க.”

“பொம்பளப் புள்ளதான் சார். ஒத்தக் கையில புடிச்சிருக்கு.”

“இன்னொரு கைக்கு என்னாச்சு?” என்றார் பொன்னுத்தங்கம்.

சாலமன்ராஜ் அதையும் கேட்டார். ஆசிரியர் அல்லவா, ஒரு கேள்வியைப் பாதியில் விட அவராலும் முடியவில்லை.

“இன்னொரு கையில போனக் காதுல வச்சிருக்கு சார். நின்னதுலருந்து ஆருக்கோ அடிக்கி. அந்தப் பக்கம் எடுக்க மாட்டேங்காக போல. புள்ள ஏசிக்கிட்டு நிக்கி.”

பாண்டிலட்சுமிதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பொன்னுத்தங்கம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அது எதில் சேர்த்தி என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சாலமன்ராஜ் தம்முடைய தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

“குடிங்க. கயித்துக்கு இந்தப் பக்கமே நின்னு குடிங்க.”

8

கடைசிக் கார் போனது. சொன்னபடியே சாலமன்ராஜ் மேசைவரை கூட்டிப்போனார். போனை எடுத்த வேகத்தில் மகளின் குரல் வெளியே வந்தது.

“எங்கம்மா போன? எம்புட்டுத் தடவ அடிச்சிருக்கேன்.”

“தட்டுல கெடந்துச்சு.”

“என்ன தட்டு?”

“அத அப்புறம் சொல்லுதேன். நீ சாப்பிட்டியா?”

“காரு ஒடிஞ்சு கெடக்கு, சாப்பிட்டியாங்குற. நீ பாக்கணும்னு வந்த. நீ நின்ன வளைவுக்கு வரவே முடியலயேம்மா.”

“நேரா நிமிந்துதான நின்னுச்சு?”

“நேராத்தான் நின்னுச்சு. ஒரு சக்கரந்தான் இல்ல.”

மத்தியானம் இதே பாதையில் இன்னொரு சுற்று உண்டு. மெக்கானிக்குகள் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். முடிந்தால் வருவோம், முடியாவிட்டால் அடுத்த வருசம் என்றாள் முத்துச்செல்வி. அய்யாதுரை வேனை வேலிமர நிழலுக்கு நகர்த்திப் போட்டுவிட்டுச் சீட்டில் கால் நீட்டினார். பெண்கள் கரைமேல் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சாலமன்ராஜுக்கும் ஒரு முட்டை போனது.

9

அந்த இரண்டாம் சுற்றை எழுதிப் பார்த்தேன்.

‘பதினோராம் எண் கார் வளைவில் –’

‘சக்கரம் பூட்டி முடியாததால் அன்று –’

இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன். எதை முடித்தாலும் நான் பார்த்துப் பொன்னுத்தங்கத்துக்குச் சொன்னதாகத்தான் ஆகும். மற்றவர்கள் காட்டிய காரையெல்லாம் பார்த்து அவர் பட்டது போதும். ஆகவே நீங்களே நேரில் வந்துவிடுங்கள். மதுரையிலிருந்து வந்தால் சாத்தூரில் இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து ஆலங்குளம் பஸ். அதற்குமேல் ஆட்டோ பேசிக்கொள்ள வேண்டும். கண்மாய் என்று சொன்னால் விடுவார்கள். பாதையை அடைப்பதற்குள் எதிர்க்கரைக்கு வந்துவிடுங்கள். மேற்கு வெயில் கண்ணில் அடிக்கும், தலைக்குத் துண்டு வேண்டும். உட்கார இடம் இருக்கிறது. பாண்டிலட்சுமி நகர்ந்துகொள்வார், சாப்பிட்டீகளா என்று கேட்பார். இல்லை என்று சொல்லலாம், புளியோதரை மிச்சம் இருக்கிறது.

விசில் ஊதிவிட்டார்கள். காட்டுக்கு மேலே புழுதி தெரிகிறது. எத்தனையாவது கார் என்று தெரியவில்லை. பொன்னுத்தங்கம் எழுந்து நிற்கிறார். அந்தப் புழுதிக்குள் எண்ணைச் சட்டென்று படிக்க முடியாது. நீங்கள் பக்கத்திலேயே நின்று, தெரிந்ததும் அவருக்குச் சத்தமாகச் சொல்லுங்கள்.